மஜ்லிஸில் பணிவும் இக்லாஸும்





இன்னும் சில நாட்களில் நமது பகுதியில் திக்ரு மஜ்லிஸ் நடைபெற இருக்கிறது. பந்தல் வேலை, சாப்பாட்டு ஏற்பாடு, வெளியூர் ஆலிம்களுக்குத் தங்குமிடம் எல்லாம் நடந்து வருகின்றன. நோட்டீஸ் வந்துவிட்டதா என்று பலரும் கேட்கிறார்கள். சிவகாசியைப் பக்கத்தில் வைத்திருக்கும் நமக்கு அச்சு வேலை பெரிய காரியமல்ல. ஆனால் அந்த ஒரு தாளில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே, யாருக்கு எத்தனை அடைமொழி என்பதில் எவ்வளவு மனத்தாங்கல் உண்டாகிறது என்பது நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். இதை யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. என்னிடமிருந்தே தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, பட்டாசுத் தொழில் நடக்கும் ஊர் ஒன்றில் மஜ்லிஸுக்கு என்னை அழைத்திருந்தார்கள். நோட்டீஸில் என் பெயர் மூன்றாவதாக, சிறிய எழுத்தில் இருந்தது. அந்த வருத்தத்தைச் சுமந்துகொண்டே போனேன். போய், பணிவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். துஆ முடிந்ததும் மக்கள் வரிசையாக வந்து முஸாபஹா செய்தார்கள். கடைசியாக ஒருவர் வந்தார். மாலையிலிருந்து வாசலில் நின்று, வந்தவர்களின் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டிருந்தவர் அவர். கையை நீட்டியவர் பாதியிலேயே இழுத்துக்கொண்டார். உள்ளங்கை ரேகைகளிலும் நகக்கண்களிலும் சாம்பல் நிறம் படிந்திருந்தது.

"பட்டாசு ஆலையில் வேலை ஹஜ்ரத். அலுமினியப் பவுடர். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போவதில்லை. உங்கள் ஜுப்பா வெள்ளையாக இருக்கிறது" என்றார்.

நான் உடனே அவர் கையைப் பற்றியிருக்க வேண்டும். ஒரு கணம் என் ஜுப்பாவைப் பார்த்தேன். அதை அவரும் பார்த்துவிட்டார். முகம் மாறாமல் ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பவும் செருப்புகளிடம் போய்விட்டார்.

சகோதரர்களே! மஜ்லிஸ் என்றால் நமக்கு முன்மாதிரி பெருமானார் (ஸல்) அவர்களின் மஜ்லிஸ்தான். ளிமாம் இப்னு ஸஃலபா என்ற கிராமவாசி மதீனாப் பள்ளிக்கு வந்து ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, உங்களில் முஹம்மது யார் என்று கேட்டதை இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் கேள்வியைச் சற்று எண்ணிப் பாருங்கள். தோழர்களுக்கு நடுவே அமர்ந்திருந்த அல்லாஹ்வின் தூதரைப் புதிதாக வந்தவரால் அடையாளம் காண முடியவில்லை. தனி ஆசனமோ தனி உடையோ அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. இன்று நம் மேடைக்கு ஒரு கிராமவாசி வந்தால் அப்படிக் கேட்க வேண்டிய தேவை இருக்குமா? சால்வையே சொல்லிவிடும்.

காயல்பட்டினத்தில் ரஜப் மாதம் முழுவதும் ஸஹீஹுல் புகாரி ஓதப்படும் மஜ்லிஸ் பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. அந்தக் கிதாபின் முதல் ஹதீஸே நிய்யத்தைப் பற்றியதுதான். ஓதுபவரும் கேட்பவரும் சோறாக்குபவரும் அந்த வாசலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது.

இக்லாஸ் இல்லாத அமலின் கதி என்ன என்பதை ஸஹீஹ் முஸ்லிமில் வரும் மூவரின் செய்தி காட்டுகிறது. மறுமையில் முதன்முதலாகத் தீர்ப்பளிக்கப்படுபவர்களில் உயிரைக் கொடுத்தவர் ஒருவர், கல்வி கற்றுக் கற்பித்தவர் ஒருவர், வாரி வழங்கியவர் ஒருவர். மூவரும் விரும்பிய புகழ் உலகத்திலேயே கிடைத்துவிட்டது. அங்கே பெற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. இரண்டாமவரைப் படிக்கும்போதெல்லாம் என் கண்முன் அந்த நோட்டீஸ் வந்து நிற்கிறது.

ஸூரத்துல் மாஊனை நாம் தொழுகையில் அடிக்கடி ஓதுகிறோம். சிறிய ஸூரா என்பதால் வேகமாகக் கடந்துவிடுகிறோம். பிறர் பார்ப்பதற்காகத் தொழுபவர்களைக் கண்டித்த அதே மூச்சில், அற்பமான புழங்கு பொருளைக்கூட அடுத்தவருக்குக் கொடுக்க மறுப்பவர்களையும் அல்லாஹ் கண்டிக்கிறான். முகஸ்துதி வணக்கத்தின் நோய், கஞ்சத்தனம் பழக்கத்தின் நோய் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். குர்ஆன் அப்படிப் பிரிக்கவில்லை. யார் பார்க்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்பவன், யாரும் பார்க்காத சிறிய உதவியைச் செய்ய மாட்டான்.

சகோதரத்துவத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைக் குறிப்பிட்டு இழிவாகப் பேசிவிட்டார்கள். அவரிடம் இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் இருப்பதாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். உங்கள் கைக்குக் கீழே வேலை செய்பவர்கள் உங்கள் சகோதரர்கள். உண்பதிலும் உடுப்பதிலும் அவர்களுக்கும் பங்கு கொடுங்கள், சக்திக்கு மீறிய சுமையை ஏற்றாதீர்கள் என்ற கருத்தையும் போதித்தார்கள். பின்னாளில் ரபதா என்ற இடத்தில் அபூதரைச் சந்தித்தவர், அவரும் அவருடைய பணியாளும் ஒரே மாதிரியான உடை அணிந்திருக்கக் கண்டார். காரணம் கேட்டபோதுதான் இந்தச் செய்தியை அபூதர் சொன்னார்கள். தம் தவற்றைத் தாமே சொன்னார்கள். நானோ என் வெள்ளை ஜுப்பாவைக் காப்பாற்றிக்கொண்டு வந்தேன்.

சக்திக்கு மீறிய சுமை என்பது நமது மாவட்டத்தில் ஏட்டுச் செய்தியல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் மீண்டும் அதே துயரம். அனுமதித்த அளவுக்கு மேல் ஓர் அறையில் ஆட்கள், உள்குத்தகை, எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் வரும் அவசரம் என்று ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் அதே காரணங்களைத்தான் கேட்கிறோம். நம்மில் பட்டாசு வாங்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். சிறிய அளவில் ஆள் வைத்து வேலை வாங்குபவர்களும் இருக்கலாம். தீபாவளி நெருங்கும்போது சரக்கை விரைவாகக் கேட்டு நெருக்குகிறோமே, அந்த நெருக்குதல் கடைசியில் யாருடைய கைக்குப் போய்ச் சேர்கிறது என்று கேட்டுப் பார்த்திருக்கிறோமா?

முதலிப்பட்டியில் இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்ல. முதல் வெடிச்சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஓடிவந்தவர்கள். அவர்களில் உள்ளே சிக்கியவர்களை மீட்க வந்தவர்கள் இருந்தார்கள். அப்படி ஓடிவந்தவர், உள்ளே இருப்பவன் எந்த மதம், எந்தச் சாதி என்று விசாரித்துவிட்டா ஓடினார்?

மறு ஆண்டும் அதே ஊர் மஜ்லிஸுக்குப் போனேன். இந்த முறை நோட்டீஸைப் பார்க்கவில்லை; வாசலைப் பார்த்தேன். செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன. நிர்வாகிகளிடம் கேட்டேன். "அவரா? இப்போது வருவதில்லை" என்றார்கள். வேலை மாறினாரா, ஊர் மாறினாரா, என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியவில்லை. பெயரும் தெரியவில்லை. கேட்டு வைத்துக்கொள்ளாதவர்களில் நானும் ஒருவன்.

மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிப் பெருக்கிவந்த ஒருவர் இறந்தபோது, அதைச் சிறிய விஷயமாகக் கருதித் தோழர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்களோ அவரைக் காணவில்லையே என்று தாமாகவே விசாரித்து, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே போய்த் தொழுதார்கள்.

ஆகவே நிர்வாகத்தாரிடம் எனது வேண்டுகோள். இந்த ஆண்டு நோட்டீஸில் நாள், நேரம், இடம் மட்டும் இருக்கட்டும். என் பெயரும் வேண்டாம். மஜ்லிஸுக்கு முன்னால், ஆலை வேலைக்குப் போகும் நம் மஹல்லாக் குடும்பங்களின் வீடுகளுக்கு நாமே நேரில் போய் அழைப்போம். தீக்காயத்தோடு வீட்டில் இருப்பவர்கள் யார், சிகிச்சைச் செலவுக்குக் கஷ்டப்படுபவர்கள் யார் என்று பெயரோடு எழுதிக்கொண்டு வருவோம். அஸருக்குப் பிறகு புறப்படலாம். வர இயன்றவர்கள் தொழுகை முடிந்ததும் ஹவ்ளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

விபத்துகளில் உறவுகளை இழந்த குடும்பங்களுக்கு அல்லாஹ் ஆறுதலைத் தருவானாக! நாளைக் காலை வேலைக்குப் போகிறவர்களைப் பாதுகாப்பாக வீடு கொண்டுவந்து சேர்ப்பானாக! ஆமீன்.