தலைமடையும் கடைமடையும்

(தென்காசி வட்டாரத் தோழர்களுக்காகக் குற்றாலத்தில் நடைபெற்ற பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



சாரல் தவழும் குற்றாலத்தில் கூடியிருக்கிறோம். நான் பேச எடுத்துக்கொண்ட பொருளோ, மறைந்துபோன ஒரு கட்சி. மறைந்ததைப் பற்றிப் பேசுவானேன் என்பீர்கள். கட்சி மறைந்தது, அது எழுப்பிய கேள்வி மறையவில்லை!

1959 ஜனவரியில், கூட்டுறவுப் பண்ணை முறைக்கு நாகபுரியில் காங்கிரஸ் தீர்மானம் இயற்றிற்று. நிலம் பறிபோகுமோ என்று உடையவர்கள் அஞ்சினர். அவ்வாண்டு ஜூனில், எண்பது வயதைக் கடந்த ராஜாஜி சென்னையில் சுதந்திராக் கட்சியை அறிவித்தார். ரங்கா தலைவரானார், மசானி துணை நின்றார். அரசின் தலையீடு குறைக, வரிச்சுமை தணிக, சொத்துரிமை காக்க என்பன அதன் முழக்கங்கள். தொழில் தொடங்குவோன் சீட்டுக்காக அலுவலகப் படிகளில் காத்துக் கிடந்த நிலையைப் 'பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யம்' என்று இடித்துரைத்தார் ராஜாஜி.

அதில் உண்மை இல்லையா? இருந்தது! 1991-க்குப் பின் அக்கட்டுகளுள் பெரும்பாலானவை அவிழ்க்கப்பட்டதே அதற்குச் சான்று.

மக்களவையில் 1962-ல் 18 இடங்கள். 1967-ல் 44 இடங்கள். அத்தேர்தலில் கழகத்தோடு உடன்பாடு கொண்டு நம் சட்டமன்றத்தில் 20 இடங்கள். 1971-லோ மக்களவையில் எட்டே இடங்கள்! 1974-ல் பாரதீய லோக் தளத்தில் கரைந்தது.

ஏன் கரைந்தது? காரணங்கள் பல. ஒன்றை மட்டும் சொல்வேன். இங்கிருந்து இறங்கும் சிற்றாற்றைப் பாருங்கள். அணைக்கட்டும் கால்வாயும் கடந்து, குளம் குளமாகப் பாய்கிறது. குடம் நீருக்கும் அனுமதிச் சீட்டு கேட்டால் அது கொடுமை. ஆனால் தலைமடைக்காரர் "என் மடை, என் உரிமை" என்று அடைத்துக்கொண்டால், கடைமடை வயல் கருகாதோ?

முதற் கொடுமையைச் சுதந்திராக் கட்சி கண்டது. இரண்டாவதைக் காண மறுத்தது. 1961-ல் நம் மாநிலச் சட்டம் நில உச்சவரம்பை 30 தர ஏக்கர் என வகுத்தது. அத்தகைய சட்டங்களுக்கு அரணாக 1964-ல் வந்த 17-வது அரசியல் சட்டத் திருத்தத்தை அக்கட்சி எதிர்த்தது. மன்னர்களும் ஆலை அதிபர்களும் அதன் அவையில் அமர்ந்தனர். நிலமற்ற உழவன் வாயிலில் நின்றான். இருக்கும் உரிமையைக் காக்கும் கட்சியில், உரிமையே பெறாதவனுக்கு என்ன வேலை?

தோழர்களே! அதிகாரியின் ஆணவத்தைக் கண்டிக்கும் துணிவை அவர்களிடம் கற்போம். நாம் ஆளும் நாளிலும் அத்துணிவு நமக்கு வேண்டும். ஆனால் சுதந்திரம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் ஒன்றைக் கேளுங்கள்:

கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா?