யாருடைய பொது?

(மாணவர் முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



உலகமயம்னாலே பெரிய பெரிய வார்த்தைகள். தாராள வணிகம், சுற்றுச்சூழல், உலகப் பொதுச்சொத்து. இதுல ‘பொது’ங்கிற ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துக்குவோம். ஊர்ப் பொதுக்கிணறு, பொதுக்குளம், பொதுச் சுடுகாடு என்றபோதெல்லாம் அந்தப் பொதுவுக்குள் சேரி இருந்ததில்லை. ஊர் தனக்கே பொது என்று பெயர் வைத்துக்கொண்டது. ஆகவே கடல் உலகத்துக்கே பொது என்று யாராவது சொன்னால், நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அந்தப் பொதுவைப் பற்றிப் பேச உட்கார்ந்திருப்பது யார்?

இறாலை எடுத்துக்கொள்வோம். 1995 ஜனவரி 1 அன்று உலக வணிக அமைப்பு வந்தது. அடுத்த ஆண்டே இறால் வழக்கு. இறால் பிடிக்கும் இழுவலையில் கடலாமை சிக்கிச் சாகிறது. ஆமை தப்பிக்கும் கருவியை வலையில் பொருத்தாத நாடுகளின் இறாலை வாங்க மாட்டேன் என்றது அமெரிக்கா. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் புகார் செய்தன. 1998 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு: ஆமையைக் காப்பது சரியான நோக்கமே, ஆனால் நாட்டுக்கு நாடு பாரபட்சம் காட்டியது தவறு. சுற்றுச்சூழல் அமைப்புகள் எழுதிக் கொடுப்பதையும் வாங்கிப் பார்க்கலாம் என்று முடிவானது இதே வழக்கில்தான்.

இதுல ஒரு சங்கதி இருக்கு. அமெரிக்கத் தடை கடலில் பிடித்த இறாலுக்குத்தான். குட்டை வெட்டி வளர்த்த இறாலுக்கு விலக்கு. குட்டையில ஆமை சாகாதே! சரி, குட்டையில செத்தது என்ன?

அதே வருஷங்களில் நாகப்பட்டினம் கடலோரத்தில் நெல்வயல்களை வளைத்துப் போட்டு, உப்புத்தண்ணி பாய்ச்சி, பண்ணை போட்டார்கள். நிலம் விற்றவனுக்குப் பணம். கம்பெனிக்கு டாலர். நிலமே இல்லாத தலித் கூலிக்கு? நடவு போச்சு, களையெடுப்பு போச்சு, அறுப்பு போச்சு. குடிதண்ணியும் உப்பாச்சு. 1968இல் கூலிப் போராட்டத்துக்காக 44 தலித்துகளைக் குடிசைக்குள் வைத்து எரித்த கீழவெண்மணி இந்த வட்டாரம்தான். அன்று கூலி கேட்டவர்களை அழித்தார்கள். பிறகு கூலி வேலையையே அழித்தார்கள்.

ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் மக்களைத் திரட்டிப் போராடினார்கள். ஜெகந்நாதன் போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 11இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை, பாரம்பரிய முறையில் நடப்பவை தவிர, 1997 மார்ச் 31க்குள் இடிக்க வேண்டும். மறுஆய்வு மனு போட்டு இடிப்பை நிறுத்தினார்கள். 2005இல் பாராளுமன்றம் தனிச்சட்டமே போட்டு அந்த மண்டலத் தடை பண்ணைகளுக்குப் பொருந்தாது என்றது. 2023 திருத்தத்தில், பதிவு செய்யாமல் பண்ணை நடத்தினால் சிறை என்று இருந்ததையும் எடுத்துவிட்டு அபராதமாக்கினார்கள்.

ரெண்டு வழக்கிலும் சரக்கு ஒன்றுதான். ஜெனீவாவில் இந்திய அரசு யாருக்காக வாதாடியது? ஏற்றுமதிக்காக. அதுக்குப் பேரு தேசநலன். அமெரிக்கா ஆமைக்காகப் பேசியது. அதுக்குப் பேரு உலகநலன். வேலை பறிபோன கூலிக்காரப் பெண் தேசத்திலும் வரவில்லை, உலகத்திலும் வரவில்லை. அங்கே வழக்காட அரசுகளுக்குத்தான் உரிமை. அவளுக்கு அந்த அரசைத் தவிர வேறு வாய் கிடையாது.

ஆமை மேல் நமக்கு விரோதமில்லை. ஆமையும் வாழட்டும். ஆனால் அமெரிக்க ஆதிக்கத்தை எதிர்க்கிறோம் என்று சொல்லி ஏற்றுமதிக்காரனின் கொடியை நம்மைத் தூக்கச் சொன்னால் தூக்க முடியாது. சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் மண்ணையும் நீரையும் எண்ணிவிட்டு, அதில் குனிந்து நட்டவளை எண்ணாமல் விட்டாலும் ஒத்துக்க முடியாது.

நிலம் வைத்திருப்பவன் மட்டும் பாதிக்கப்பட்டவன் அல்ல. அந்த நிலத்தில் உழைத்துச் சாப்பிட்டவர்களும் பாதிக்கப்பட்டவர்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் எந்தப் பண்ணைக்கும் அனுமதி கூடாது. அதற்கும் மேலே, நிலம் அவர்கள் கைக்கு வரவேண்டும். பொதுவில் பங்கு கேட்பது என்றால் நிலத்தில் பங்கு கேட்பதுதான்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. கடலோரச் சேரிகளுக்குப் போங்க. பண்ணை வருவதற்கு முன்னால் வருஷத்தில் எத்தனை நாள் வேலை இருந்தது, இப்போ எத்தனை நாள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்க. ஜெனீவாவிலும் டெல்லியிலும் யாரும் எழுதாத கணக்கு அது. நாமதான் எழுதணும்.