குதிரையின் நடையும் குழந்தையின் நடையும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விடயம் குதிரைவழிச் சிகிச்சை. கல்லூரி விழாவுக்கும் குதிரைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கக்கூடும். பிரித்தானியாவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் எங்கள் சகோதரிகளுக்கு இது புதிய செய்தி அல்ல. அங்கே பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகள் குதிரையில் அமர்ந்து சிகிச்சை பெறுகிறார்கள். அந்தக் காணொளிகள் கைத்தொலைபேசி வழியாக ஊருக்கும் வந்துவிடுகின்றன. பார்த்த தாய்மார், "இது கிடைச்சால் என்ரை பிள்ளையும் நடக்குமோ, டொக்டர்?" என்று வைத்தியர்களாகிய எங்களிடம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முயல்வதே இவ்வுரையின் நோக்கம்.

பெண்கள் கல்லூரியில் பேசுவதால் ஒரு பெண்ணிலிருந்தே தொடங்குவோம். டென்மார்க் நாட்டைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் சிறந்த குதிரையோட்ட வீராங்கனை. 1944 இல், 23 வயதில், கருவுற்றிருந்த வேளையில் அவரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. பல மாதப் பயிற்சியின் பின் அவர் எழுந்து நடமாடினாலும் முழங்காலுக்குக் கீழே இயக்கம் திரும்பவில்லை. குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி வேண்டியிருந்தது. 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், 'டிரெசாஜ்' எனப்படும் குதிரை நடைப் போட்டியில் ஆண்களோடு பெண்களும் பங்குபற்ற முதன்முறையாக அனுமதி கிடைத்தது. அப்போட்டியில் ஜூபிலி என்ற குதிரையில் அமர்ந்து அவர் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956 இலும் அதே பதக்கத்தை மீண்டும் வென்றார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குதிரை அவருடைய கால்களைக் குணப்படுத்தவில்லை. கால்கள் செய்யாத வேலையை இடுப்பும் முதுகும் உடற்சமநிலையும் ஏற்றுக்கொண்டன. இதைக் கண்ட பலர், உடல் இயலாமை உள்ளவர்களுக்குக் குதிரை எவ்வாறு உதவலாம் என்று சிந்திக்கத் தொடங்கினர். 1960 களில் ஜேர்மனி, ஒஸ்ரியா, சுவிற்சர்லாந்து நாடுகளின் இயன்மருத்துவர்கள் இதை ஒரு சிகிச்சை முறையாக வளர்த்தார்கள். பிரித்தானியாவில் 1969 இல் மாற்றுத்திறனாளிகளின் குதிரையேற்றத்துக்கென ஒரு சங்கம் உருவாயிற்று.

சரி, குதிரையின் முதுகில் என்னதான் நடக்கிறது? நாம் நடக்கும்போது எங்கள் இடுப்பு முன்னும் பின்னும் அசைகிறது, பக்கவாட்டில் சாய்கிறது, சிறிது திரும்பவும் செய்கிறது. மெதுவாக நடக்கும் குதிரை, தன் மேல் அமர்ந்திருப்பவரின் இடுப்பை ஏறக்குறைய இதே விதமாக அசைக்கிறது. ஒருநாளும் நடந்திராத பிள்ளையின் உடல், நடையின் தாளத்தை அங்கே உணர்கிறது. குதிரை நிமிடத்துக்கு 100 அளவில் அடிகள் வைக்கும். பத்து நிமிடத்தில் பிள்ளை ஆயிரம் தடவை தன் உடலை நேராக்கிக்கொள்ளப் பழகுகிறது. கால்களை அகட்டி இருப்பதால் தொடையின் உட்புறத்தில் இறுகிய தசைகளும் மெல்ல நீள்கின்றன.

பிள்ளையைக் குதிரையில் ஏற்றிவிட்டால் மட்டும் அது சிகிச்சை ஆகிவிடாது. குதிரையேற்றம் கற்பிப்பது வேறு, குதிரையின் அசைவைக் கொண்டு சிகிச்சை செய்வது வேறு. இரண்டாவதில் குதிரையை ஒருவர் நடத்திச் செல்வார்; தேவைக்கேற்ப இருபுறமும் இருவர் நடப்பார்கள்; சிகிச்சையாளர் பிள்ளையின் உடலையே பார்த்துக்கொண்டிருப்பார். இயன்மருத்துவர் குதிரையை நிறுத்தி நடத்தியும், வளைத்து நடத்தியும், பிள்ளையைப் பின்புறம் பார்த்து இருத்தியும் முதுகுத் தசைகளுக்கு வேலை கொடுப்பார். தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒரு வளையத்தை எட்டி எடுக்கச் செய்வார். இரு கைகளும் சேர்ந்து இயங்கப் பழகும். பேச்சுச் சிகிச்சையாளருக்கு "நட", "நில்" என்ற இரண்டு சொற்களே பெரிய பாடம். தன் சொல்லுக்கு ஒரு குதிரை கட்டுப்படுகிறது என்றால் எந்தப் பிள்ளைதான் வாய் திறக்காது?

இனி, பலன் என்ன என்ற கேள்வி. 2003 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் பெருமூளை வாதமுள்ள 15 பிள்ளைகள் பங்குபற்றினர். ஒரு பகுதியினர் 8 நிமிடம் குதிரையிலும், மற்றவர்கள் அதே நேரம் அசையாத உருளையிலும் அமர்ந்தனர். குதிரையில் இருந்தவர்களின் இருபக்கத் தசைகளின் செயற்பாடு கூடுதலாகச் சமநிலை அடைந்தது. ஆனால் 2009 இல் அவுஸ்திரேலியாவில் 99 பிள்ளைகளுடன் 10 வாரம் நடந்த குதிரையேற்ற ஆய்வில், உடலியக்கத்திலோ வாழ்க்கைத் தரத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. ஆகவே, குதிரை சில பிள்ளைகளுக்கு நன்றாக நிமிர்ந்து இருக்க உதவலாம், மகிழ்ச்சியும் தரலாம். நடக்க வைக்கும் என்று யாரும் வாக்குறுதி கொடுத்தால் அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பாதுகாப்பானதும் அல்ல. டவுன் நோய்க்குறி உள்ள சில பிள்ளைகளின் கழுத்தெலும்பு மூட்டு உறுதியற்றிருக்கும். கட்டுப்படாத வலிப்பு, விலகிய இடுப்பு மூட்டு, கடுமையான முதுகு வளைவு ஆகியனவும் ஆபத்தானவை. வெளிநாட்டில் உள்ள சகோதரிகள் முதலில் பிள்ளையின் வைத்தியரைக் கேளுங்கள். சிகிச்சையாளர் தகைமை பெற்றவரா, தலைக்கவசம் அணிவிக்கிறார்களா என்றும் பாருங்கள்.

"எங்களிடமும் நெடுந்தீவுக் குதிரைகள் உண்டே" என்று சிலர் சொல்வதுண்டு. அவை அந்நியர் ஆட்சிக் காலத்தில் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழிவந்து, இன்று கட்டின்றித் திரிபவை. சிகிச்சைக் குதிரைக்குச் சீரான நடையும், சத்தத்துக்கு மிரளாத குணமும், நீண்ட பழக்கமும் வேண்டும். அதற்குமேல் ஒரு பிள்ளைக்கு மூன்று நான்கு பேர் தேவை.

அப்படியானால் குதிரை இல்லாத ஊரில் இருக்கும் தாய் என்ன செய்வாள்? பிள்ளைக்கு ஏதோ பெரிய மருந்தை மறுத்துவிட்டோம் என்று அவள் மனம் நோகத் தேவையில்லை. எங்கள் தாய்மார் பிள்ளையை ஒக்கலையில் வைத்துத் திரிவார்களே, கால்கள் இறுகிய பிள்ளைக்கு இயன்மருத்துவர்களும் அந்த இருப்பையே சொல்லிக்கொடுக்கிறார்கள். கால்கள் அகன்றிருக்கும், தலை நிமிரும், பிள்ளை உலகத்தைப் பார்க்கும். உருட்டிக் கட்டிய மெத்தையின் மேல் இருபுறமும் கால் போட்டு இருத்துவதும் நல்ல பயிற்சி. இவை குதிரைக்குச் சமம் அல்ல. ஆனால் இவற்றை ஒவ்வொரு நாளும் செய்யலாம். குதிரையிடம் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு முறைதான் போக முடியும்.

சகோதரிகளே, எங்கள் கல்லூரியின் பெயரால் இப்பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய விரும்பினால், கண்ணைக் கவரும் பெரிய திட்டங்களைத் தேட வேண்டாம். கழுத்து நிற்காத, உரிய வயதில் இருக்காத பிள்ளையைக் கண்டால், "பிந்தி நடக்கும்" என்று ஆறுதல் சொல்லாமல் உடனே கிளினிக்குக்கு அனுப்புங்கள். பிள்ளைக்கு அளவான ஒரு கதிரை, சிகிச்சைக்கு வந்துபோகப் பஸ் காசு, தாய் வரும் நாளில் வீட்டிலுள்ள மற்றப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர்: இவை இல்லாமல்தான் பலர் சிகிச்சையை இடையில் விடுகிறார்கள். இதை நாம் செய்ய முடியும். நூறு ஆண்டு கண்ட கல்லூரியின் பிள்ளைகள் நாம், கட்டாயம் செய்வோம்.