ரேவதியின் தமிழ்

ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் காலை வேளையில் நிற்பவருக்கு, தாம் நிற்பது கர்நாடக மண் என்பது சற்றே மறந்துபோகும். வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே தமிழில்தான் விலை பேசுகிறார்கள். 2001ஆம் ஆண்டில் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று பிழைப்போர் பெருகினர். அவர்களுள் நானும் ஒருவன். மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பு என் தொழில்.

நேயர்களே, நம்மைப் போலவே பிறந்த மண்ணை விட்டுப் பெங்களூர் வந்து, அங்கிருந்தே தம் வாழ்வைத் தமிழில் எழுதிய ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் பெயர் அ. ரேவதி. அவர் ஒரு திருநங்கை.

நாமக்கல் வட்டாரத்துக் கிராமமொன்றில் அண்ணன்மார்களுக்குப் பின் பிறந்தவர் அவர். பெண்பிள்ளைகளோடு கோலம் போடவும் விளையாடவும் விரும்பிய அச்சிறுவயதுக்கு வீட்டிலும் பள்ளியிலும் கிடைத்த பரிசு அடியும் ஏச்சுமே. ஒருநாள் ஊரைத் துறந்து தில்லிக்குப் போனார். பின்னர் மும்பைக்கும் போனார். தம்மையொத்தவர்கள் குரு என்றும் சேலா என்றும் முறை வைத்து வாழும் இல்லங்களில் ஒரு தாயையும் பெற்றார். வீடு திரும்பியபோது அண்ணன் கையில் கிரிக்கெட் மட்டை இருந்தது. இவற்றையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார். பாலியல் தொழிலையும், பெங்களூரில் போலீசாரிடம் பட்ட கொடுமையையும்கூட அவர் மறைக்கவில்லை.

1999இல், பெங்களூரில் ‘சங்கமா’ என்ற உரிமை அமைப்பில் பணிக்குச் சேர்ந்தார். அங்கிருந்த புத்தகங்களைப் படிக்கப் படிக்க எழுதும் ஆவல் எழுந்தது. தமிழகமெங்கும் சென்று தம்மவரின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டுத் தொகுத்தார். ‘உணர்வும் உருவமும்’ என்ற பெயரில் 2004இல் அது வெளிவந்தது. தம் கதையைச் சொல்லுமுன் பிறர் கதையைச் சொன்னாரே, அதனை நான் பெரிதாக மதிக்கிறேன். மூன்றாண்டுகளுக்குப் பின் வித்யாவின் ‘நான் வித்யா’ வெளிவந்தது. அது கன்னடத்திற்குச் சென்று, அங்கிருந்து திரைப்படமுமாகி, அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது.

ரேவதி தம் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் எழுதினார். ஆனால் அது முதலில் அச்சேறியது ஆங்கிலத்தில்! வ. கீதா மொழிபெயர்த்த ‘தி ட்ரூத் அபவுட் மீ’ 2010இல் வந்தது. தமிழ் நூலாகிய ‘வெள்ளை மொழி’ அதற்குப் பின்னரே வந்தது. மூலம் பின்னும் பெயர்ப்பு முன்னுமாக நடந்த இக்கதையை எண்ணுந்தோறும், மொழிபெயர்ப்பாளனாகிய எனக்குச் சிறிது வெட்கமும் உண்டாகிறது.

தமிழிலே படித்தால் மட்டும் புலப்படுகிற ஒன்று உண்டு. ‘நான் வந்தேன்’ என்பதில் ஆண் பெண் என்ற பால் இல்லை; தன்னைப் பற்றிப் பேசுகிறவரை நம் மொழி எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. ஆனால் பிறர் வாய் திறந்த உடனே ‘வாடா’ என்றோ ‘வாடி’ என்றோ தீர்ப்பு வந்துவிடுகிறது. இவ்விரண்டையும் ஆங்கிலத்தில் வைக்க ஒரே சொல்தான் கிடைக்கும். ஓர் எழுத்தின் வேறுபாட்டுக்காக ஒருவர் ஊரையே விட்டு ஓட நேர்ந்ததை, அந்த ஆங்கிலச் சொல் எப்படிச் சொல்லும்?

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தின் முகப்பில் ஹோமர், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் முதலிய ஆடவரின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. 2019இல் அவற்றுக்கு மேலே, பெண் எழுத்தாளர்களின் பெயர்களைத் தாங்கிய நீண்ட துணிப்பதாகை ஒன்று கட்டப்பட்டது. மாயா ஏஞ்சலோ, டோனி மாரிசன் ஆகியோரின் பெயர்களோடு நம் ரேவதியின் பெயரும் அதில் இருந்தது. நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் இச்செய்தி எவ்வளவு தூரம் எட்டியதோ!

என் அலுவல் மேசைக்கும் இவ்விஷயம் வந்ததுண்டு. மூன்றாம் பாலினத்தாரின் உரிமையை ஏற்றுச் சுப்ரீம் கோர்ட் 2014 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 2019இல் சட்டமும் இயற்றப்பட்டது. அவை பற்றிய குறிப்புகளைத் தமிழாக்குகையில், ‘திருநங்கை’ என்ற சொல்லை முதன்முறை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்த ஒருவரை எங்கள் தெரு முழுதும் வேறொரு சொல்லால் அழைத்தது. நானும் அழைத்தேன். அச்சொல்லை வானொலியில் சொல்ல இயலாது. ஒன்பதாம் வகுப்பு முடியுமுன் ஒரு விடியற்காலை மாரிகுப்பத்தில் ரயிலேறியவர், திரும்பவில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், பங்காரப்பேட்டையில் வண்டி நின்றபோது, நடுவயதுத் திருநங்கை ஒருவர் கைதட்டிக்கொண்டு ஏறினார். பலர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். அவர் என்னை நோக்கி, “எந்த ஊரு தம்பி?” என்று நம் தமிழிலேயே கேட்டார்.

“ஆண்டர்சன்பேட்டைங்க அக்கா” என்றேன்.

“எந்தத் தெரு?” என்றார். இருக்கையில் சற்று நகர்ந்து இடம் கொடுத்தேன். பெங்களூர் வரும்வரை தெருக்களைப் பற்றியே பேசிக்கொண்டு போனோம்.