தூரிகை பிடித்த குயவர்

எஞ்சினியரைப் பேசக் கூப்பிட்டா பானைக் கதையா என்று சிரிக்காதீர்கள். சூளையும் நம்ம பாடம்தான்.

பெர்னார்ட் லீச் லண்டனில் ஓவியம் படித்தவர். எச்சிங் சொல்லிக்கொடுக்க 1909-ல் ஜப்பான் போனார். 1911-ல் டோக்கியோவில் ஒரு விருந்து. வந்தவர்களிடம் ஒருமுறை சுட்ட மண்கலத்தையும் தூரிகையையும் கொடுத்து வரையச் சொன்னார்கள். பிறகு மெருகு பூசிச் சூளையில் வைத்து, செக்கச்செவேலென்று இருக்கும்போதே இடுக்கியால் வெளியே எடுத்தார்கள். பட்டென்று வெடிக்க வேண்டாமா? வெடிக்கவில்லை! ராக்கு மண் கரகரப்பானது, நுண்துளை நிறைந்தது. நம்ம தெர்மல் ஷாக்கைத் தாங்கிவிடும்.

அன்றோடு ஆளே மாறிவிட்டார். ஆறாம் கென்சான் எனப்பட்ட முதிய குயவரிடம் மாணவராகச் சேர்ந்தார். அப்போது வயது 24.

‘லைன் மாறலாமா அண்ணா?’ என்று கேட்கிற தம்பிகளே, கவனியுங்கள்: அவர் தூரிகையைத் தூக்கிப் போடவில்லை, கலத்தின்மேல் வரைந்தார்.

1920-ல் ஹமாடா ஷோஜியுடன் இங்கிலாந்து திரும்பி, செயின்ட் ஐவ்ஸில் பட்டறை போட்டார். முதல் சூளை சரிப்படவில்லை. குயவர் குடும்பத்தில் பிறந்த மட்சுபயாஷி ஜப்பானிலிருந்து வந்து புதிதாகக் கட்டினார். படிப்படியாக ஏறும் மூன்று அறைகள். கீழறையின் சூடு வீணாகாமல் மேலறைக்குப் போகும். அது 1970-கள் வரை எரிந்தது.