அந்தப் புத்தகம் இப்ப யார்கிட்ட இருக்கு?

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். உங்க அலமாரியில இப்ப இல்லாத, ஆனா "அது என்னோடதுதான்"னு நீங்க அடிச்சுச் சொல்லக்கூடிய புத்தகம் எத்தனை இருக்கு? எனக்கு ஏழு. அதுல நாலு எங்க இருக்குன்னு தெரியும். மூணு ஊர் சுத்திக்கிட்டு இருக்கு.

புத்தகம் இரவல் கொடுக்கிறதைப் பத்தி நம்ம வீடுகள்ல ரெண்டு கட்சி உண்டு. "கொடுத்தா திரும்பாது, கொடுக்காதே" ஒரு கட்சி. "படிக்கத்தானே கேக்கிறாங்க, கொடு" இன்னொரு கட்சி. 1950-ல இருந்து 1954 வரைக்கும் 'கல்கி' வார இதழ்ல 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தப்போ, பக்கங்களைக் கிழிச்சு எடுத்து பைண்டிங் செஞ்சு வச்ச வீடுகள் எத்தனையோ. அந்த பைண்டிங் தெரு முழுக்கப் போயிட்டு வரும். முதல் பாகம் ஒரு வீட்டில, மூணாம் பாகம் இன்னொரு வீட்டில. நடுவுல ரெண்டாம் பாகத்தை யாரோ வச்சுக்கிட்டுக் கொடுக்காம இருப்பாங்க. அவங்க பேர் அந்தத் தெருவுக்கே தெரிஞ்சிருக்கும்.

நான் இன்னைக்குச் சொல்லப்போறது அவ்வளவு பெரிய நாவலைப் பத்தி இல்லை. பூமணி எழுதிய 'வெக்கை'. 1982-ல வந்தது. மெலிசான புத்தகம். 2019-ல வெற்றிமாறன் இயக்கத்தில வந்த 'அசுரன்' படத்துக்கு அடிப்படை இதுதான். பதினஞ்சு வயசுப் பையன் ஒருத்தன், தன் அண்ணனைக் கொன்ற பெரிய மனுஷனை வெட்டிடுறான். அப்பாவும் மகனும் ஊரை விட்டுத் தலைமறைவா அலையறாங்க. காடு, ஓடை, பாறை, பசி, பேச்சு. முடிவைச் சொல்ல மாட்டேன். படம் பார்த்தவங்களும் படிக்கலாம். படம் வேற அனுபவம், நாவல் வேற அனுபவம்.

படம் வர்றதுக்கு முன்னாடி, வேளச்சேரியில நாங்க சில பேர் ஒண்ணா வீடு எடுத்துத் தங்கியிருந்தோம். எல்லாருக்கும் சம்பளம் வாடகைக்கும் மெஸ்ஸுக்குமே சரியாப் போகும். அதனால ஒரு ஏற்பாடு: புத்தகம் ஒண்ணு வாங்குவோம், வரிசையா எல்லாரும் படிப்போம். பக்கத்துத் தெருவுல இருந்த ஒரு தோழியும் இதுல உண்டு. விதிகள் மூணே மூணு. முதல் பக்கத்தில பேரும் தேதியும் எழுதணும். பக்கத்தை மடிக்கக் கூடாது. புரியாத இடத்தில பென்சிலால ஒரு கேள்விக்குறி போடலாம். பேனா கூடவே கூடாது.

'வெக்கை' கரிசல் மண்ணோட பேச்சில எழுதப்பட்டது. நான் வளர்ந்தது சென்னையில. அதனால முதல்ல படிச்ச என் கேள்விக்குறிகளே பத்துப் பதினஞ்சு இருக்கும். ரெண்டாவதா படிச்சவன் கோயம்புத்தூர்க்காரன், அவன் பங்குக்கு இன்னும் கொஞ்சம். மூணாவதா போனது கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில இருந்து வந்த நண்பன்கிட்ட.

அவனைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். சென்னைக்கு வந்து ரெண்டு வருஷத்தில அவன் தன் தமிழை முழுசா மாத்திக்கிட்டிருந்தான். வேலைக்குச் சேர்ந்த புதுசுல, மீட்டிங்ல அவன் பேசின ஒரு வார்த்தையை ஒருத்தர் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிச்சிருக்காங்க. அன்னையிலிருந்து ஊர்ல இருந்து போன் வந்தா மாடிக்குப் போயிடுவான். அங்க பேசுற குரல் வேற, எங்ககிட்ட பேசுற குரல் வேற. அது எங்க எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை.

புத்தகம் அவன்கிட்ட போய் பத்து நாள் கழிச்சுத் திரும்ப எடுத்துப் பார்த்தா, ஒவ்வொரு கேள்விக்குறிக்கும் பக்கத்தில பென்சில்ல பதில் இருக்கு. 'கம்மாய்'க்கு நேரா எழுதியிருந்தான்: "ஏரிதான். ஆனா ஏரின்னு சொன்னா எங்க ஊர்ல ஒருத்தருக்கும் புரியாது." கேக்காததையும் எழுதியிருந்தான். ஓரத்தில தன் ஊர்ச் சொல்லாவே ஒண்ணு: "கருக்கல் - சாயங்காலம் இருட்டுற நேரம்."

அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை அந்தத் தோழி ஒரு பக்கத்தைச் சத்தமா வாசிச்சா. அப்பா மகன்கிட்ட பேசுற இடம். அதை அதட்டலா வாசிச்சா. அவன் நிறுத்தினான். "அது கோபம் இல்லை. எங்க அப்பாவும் அப்படித்தான் பேசுவார், அது பிரியம்"னு சொல்லி, புத்தகத்தை வாங்கி அவனே வாசிச்சான். மாடியில கேக்கிற அந்தக் குரல்ல. நாங்க முதல்முறையா அந்தக் குரலை நேரா கேட்டோம். ரெண்டு மணி நேரம் வாசிச்சான், யாரும் எந்திரிக்கலை.

இங்கதான் பிரச்சினையும் ஆரம்பிச்சுது. பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் புத்தகத்தைக் கொண்டுபோய் அப்பாகிட்ட கொடுத்துட்டு வந்துட்டான். வரிசையில அடுத்தது அந்தத் தோழி. அவ ஒரு பக்கம்தானே வாசிச்சிருந்தா. மாசம் ஒண்ணு ஆச்சு, மூணு ஆச்சு, ஆறு ஆச்சு. நடுவுல அவளுக்கு ஜெர்மனியில மேல்படிப்புக்கு இடம் கிடைச்சுது. "புதுசா ஒண்ணு வாங்கித் தர்றேன்"னு நான் சொன்னேன். "எனக்கு வெக்கை வேணும்னா நானே வாங்கிக்குவேன். அவன் எழுதின ஓரம்தான் எனக்கு வேணும்"னு சொன்னா. அதுவும் நியாயம்தானே?

அவன் அப்பாவுக்குப் போன் பண்ணினான். அஞ்சாம் வகுப்போட படிப்பை நிறுத்தினவர். அவர் சொன்னது: "ஒரு நாளைக்கு ஒரு பக்கம் ஓடுது. இன்னும் கொஞ்சந்தான் கிடக்கு. முடிச்சிட்டுத் தாரேன்." இதுக்கு மேல யார் எப்படிக் கேக்கிறது? ஆறு மாசமா ஒருத்தர் எழுத்துக் கூட்டிப் படிக்கிற புத்தகத்தைப் பாதியில வாங்கலாமா? அதே நேரம், முறைப்படி அவ முறை வந்தும் கிடைக்காமலே ஒருத்தி நாட்டை விட்டே போகலாமா?

இந்த இடத்தில உங்கள்ல பல பேர் கேக்கலாம்: "ஒரு பிடிஎஃப் அனுப்பினா முடிஞ்சதே?" முடியாதுங்க. விலை கொடுத்து வாங்கின ஒரு பிரதியைக் கைமாத்தி விடுறது எப்பவும் இருக்கிற வழக்கம். ஒரு நேரத்தில ஒருத்தர்தான் படிக்க முடியும். வாட்ஸ்அப்ல போற ஸ்கேன், வாழ்கிற எழுத்தாளருக்கும் சின்னப் பதிப்பகத்துக்கும் வரவேண்டியதை எடுத்துடுது. சரி, மின்புத்தகம்? காசு கொடுத்து வாங்கினாலும் பெரும்பாலும் நமக்குக் கிடைக்கிறது படிக்கிற உரிமம் மட்டும்தான். 2009-ல அமேசான், வாசகர்களோட கிண்டில்ல இருந்த ஜார்ஜ் ஆர்வெல் புத்தகங்களை உரிமைச் சிக்கல் காரணமா தூரத்தில இருந்தே அழிச்சுது. கையில இருக்கிற காகிதப் புத்தகத்தை அப்படி யாரும் அழிக்க முடியாது.

சீர்காழியில பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகரா இருந்தவர், 1931-ல நூலகத்துக்கு அஞ்சு விதிகள் வகுத்தார். முதல் விதி, நூல்கள் பயன்படுத்தப்படத்தான் இருக்குங்கிறது. ஒரு காலத்தில ஐரோப்பாவில புத்தகத்தைச் சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருந்ததை அவர் நினைவுபடுத்துறார். ரெண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு. மூணாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர் உண்டு. எங்க சிக்கலே ரெண்டாவது விதிக்கும் மூணாவதுக்கும் நடுவுலதான். தோழிக்கு அவ புத்தகம் வேணும். அந்தப் புத்தகமோ தன்னோட வாசகரைக் கண்டுபிடிச்சிருச்சு.

கடைசியில கேக்கலை. புதுப் பிரதி ஒண்ணு வாங்கினோம். விமானத்துக்கு நாலு நாள் முன்னாடி, ரெண்டு ராத்திரி உக்காந்து, நாங்க கேட்ட கேள்விகளை ஞாபகத்திலிருந்து நாங்க குறிச்சோம். பதிலை அவன் மறுபடி எழுதினான். முதல் பிரதியில இல்லாததும் இதுல நிறைய சேர்ந்துச்சு. இந்தத் தடவை போன் வந்தா மாடிக்குப் போகலை, அங்கேயே உக்காந்து ஸ்பீக்கர்ல போட்டு அப்பாகிட்டயே அர்த்தம் கேட்டான். அந்தப் பிரதி ஜெர்மனிக்குப் போச்சு.

பழைய பிரதி அடுத்த பொங்கலுக்கு வந்து சேர்ந்துச்சு. முதல் பக்கத்தில எங்க பேருக்குக் கீழ அவர் பேரும் தேதியும். உள்ளே 'கருக்கல்'னு மகன் எழுதின இடத்தில, நீல மை பேனாவால ஒரு வரி: "விடியக்காலமும் கருக்கல்தான்." எங்க விதியை மீறின ஒரே ஆள் அவர்தான். யாரும் அழிக்கலை.

இதிலிருந்து நான் எடுத்துக்கிட்டது மூணு விஷயம். ஒண்ணு, கொடுக்கும்போது பேரும் தேதியும் எழுதுங்க. கேக்கிறதுக்குச் சங்கடம் குறையும். ரெண்டு, உங்களுக்குத் தொலைஞ்சா வலிக்கிற புத்தகம்னா ரெண்டு பிரதி வாங்குங்க, ஒண்ணை ஊருக்கு விடுங்க. மூணு, கொடுத்தவர்கிட்ட "எப்படி இருந்துச்சு?"ன்னு மறுநாளே கேக்காதீங்க. சிலருக்கு ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் ஓடும்.

இந்த வாரம் ஒரு புத்தகத்தைக் கைமாத்தி விடுங்க. திரும்பி வந்ததும் முதல்ல ஓரங்களைப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.