கழனியும் கலையும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கலைவாணர் உழைப்பாளர் சங்கங்களோடு கூடிக் கலை படைத்தல் தகுமோ, தகுமெனின் அஃது எம்முறையில் நிகழ்தல் வேண்டும் என்பதே யாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள். காவிரி பாயும் இந்நாட்டார்க்கு இதனை ஆராய அயலிடத்துச் சான்று மிகுதியும் வேண்டுவதில்லை.

நடவும் களையெடுப்பும் அறுப்பும் இங்குப் பாட்டோடு நிகழ்ந்தன. பாடினோர் பண்ணையாட்கள். அவர்தம் பாட்டு இனிதென்று வரப்பில் நின்றோர் கேட்டனர். அவர்தம் குறையைக் கேட்டவர் சிலரே. சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாயிருந்த காலம் அது. 1943-இல் மன்னார்குடியை அடுத்த தென்பரையில் விவசாயிகள் சங்கம் எழுந்தது. கன்னட நாட்டினின்று வந்த பி. சீனிவாசராவ் தமிழ் பேசி, குடிசைகளிலே தங்கி அதனை வளர்த்தார். அவ்வாண்டிலேயே பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றம் தோன்றி, வங்கப் பஞ்சத்தின் துயரை மேடையேற்றியது. உழைப்பாளர் சங்கமும் உழைப்பாளர்க்கான மேடையும் ஒரே காலத்துப் பயிர்களென்பது இதனால் விளங்கும்.

பின்னர் நேர்ந்த பெருந்துயரை நீவிர் அறிவீர். கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதும், சங்கக் கொடியை விட மறுத்ததும் பகையாகி, 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் தீக்கிரையாயின. பெண்டிரும் குழந்தைகளுமே அவர்களுட் பெரும்பாலார். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழாரை உயர்நீதிமன்றம் விடுவித்தது. வழக்கு முடிந்தது, கலையின் கடமை முடியவில்லை.

இந்திரா பார்த்தசாரதி அவர்கள் இயற்றிய 'குருதிப்புனல்' 1977-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. வெண்மணியை அறியாதாரும் அறிந்தனர். இஃது அந்நூலின் பெருமை. எனினும், நிலக்கிழாரின் மனக்குறையே கொடுமைக்குக் காரணம்போற் காட்டப்பட்டு, கூலிப் பூசல் பின்தள்ளப்பட்டதென்று உழைப்பாளர் பக்கத்தார் குறை கூறினர். இராஜம் கிருஷ்ணன் அம்மையார் வேறு வழி சென்றார். மக்கள் வாழுமிடம் நாடிச் சென்று கேட்டறிந்து எழுதுதல் அவர் வழக்கம். அந்தணர் குலத்துக் கைம்பெண்ணாய்ப் பிறந்த வீட்டைத் துறந்து, ஆடவர்போல் வேட்டியும் சட்டையும் அணிந்து, பண்ணையாட்களுக்காக உழைத்த மணலூர் மணியம்மையின் வரலாறு 'பாதையில் பதிந்த அடிகள்' என்னும் நாவலாயிற்று. பாரதி கிருஷ்ணகுமார் 2005-இல் 'இராமையாவின் குடிசை' என்னும் ஆவணப்படத்தில், உயிர் தப்பியோரையே பேச வைத்தார். கவிஞர் இன்குலாபின் 'மனுசங்கடா' பாட்டை கே.ஏ. குணசேகரன் நாட்டுப்புற இசையில் ஊர்தோறும் பாடினார்; கூட்டத்தார் அதனைத் தம் பாட்டாகவே ஏற்றனர். சொல் ஒருவருடையது, குரல் ஒருவருடையது, வலி பலருடையது. கூட்டுப் படைப்பென்பது இதுவன்றோ!

"சங்கத்தோடு சேரின் கலை கொடிக்கு அடிமையாகாதோ?" என வினவலாம். ஆகும், ஆகாமற் காக்கவும் இயலும். இத்தஞ்சை மண் மன்னரைப் புகழ்ந்த மெய்க்கீர்த்திகளைக் கல்லிற் கண்டது. சங்கத்தை மட்டும் புகழ்வதும் மற்றொரு மெய்க்கீர்த்தியே. அஞ்சியவனையும், பசியால் இணங்கியவனையும் எழுதக் கலைஞர்க்கு உரிமை வேண்டும். "எம் வாழ்வு இதுவன்று" என்று மறுக்க உழைப்பாளர்க்கும் உரிமை வேண்டும். இவ்விரண்டுள் ஒன்று குறையினும் கூட்டு, கூட்டாகாது.

இனி நமக்குரிய செய்தி. நம்மவருள் நிலமுடையார் பலர். நம் விழாக்களிற் பறை முழக்குவோர் பந்தலுக்குப் புறத்தே நிற்றலும், பேசிய கூலியும் குறைத்துக் கொடுக்கப்படுதலும் இன்றும் சிலவிடத்து உண்டு. நடவு இயந்திரம் வந்தபின் நடவுப் பாட்டு முதிய பெண்டிர் சிலர் நாவில் மட்டுமே எஞ்சியுள்ளது. ஆதலின் மூன்று வேண்டுகோள். அவரை அடுத்த விழா மேடைக்கு அழைத்து, நமக்கிட்ட இருக்கையிலேயே அமர்த்துவோம். முழு ஊதியமும் மேடையிறங்குமுன் அளிப்போம். அவர் இசைந்தால், பாட்டை அவர் பெயரோடு இவ்விதழில் வெளியிடுவோம். வசை நம்மைச் சுட்டினும் ஓர் அடியையும் நீக்காதிருப்போம்.

நெல்லைப் பெற்றுக்கொண்ட நாம் பாட்டையும் பெற்றுக்கொண்டோம். நெல்லுக்கு அளந்த கூலி போதுமா என்பதைப் பாட்டே சொல்லும். கேட்கும் செவி நம்மிடம் இருத்தல் வேண்டும்.